மூடி வைத்தால் பிள்ளையை இழப்போம்

முதலில் காணாமல் போனது வெள்ளிக் கொலுசு. அடுத்தது மிக்சி. அதற்கும் அடுத்து, மகளிர் குழுக் கடனுக்குக் கட்டுவதற்காக அரிசிப் பானைக்குள் வைத்திருந்த 2,000 ரூபாய்.

"திருடன் பூந்துட்டான்னு தெரு முழுக்கச் சொன்னேன் சார். கண்டவங்க மேல எல்லாம் சந்தேகப்பட்டேன். எம்புள்ள மேல மட்டும் சந்தேகம் வரல" என்றார் அந்தத் தாய்.

விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு காலனியில் அவரைச் சந்தித்தோம். தன் பெயரையும் காலனியின் பெயரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கணவர் குடியால் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கரும்பு வெட்டும் களையெடுப்பும் செய்துதான் மகனைப் பிளஸ் டூ வரை படிக்க வைத்தார். அந்த வீட்டில் பிளஸ் டூ தேறிய முதல் ஆள் அவன்தான். ஐடிஐ சேர்வதற்கு முன்பு நாலு காசு சேர்க்கலாம் என்று சென்னைக்குப் பெயின்ட் வேலைக்குப் போனான். திரும்பி வந்தபோது அவனுக்கு வயது 19. உடம்பு இளைத்திருந்தது. வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றவில்லை. பகலெல்லாம் தூங்கினான். ஒருநாள் கூரைச் சந்தில் துணி மூட்டையைத் தேடிய தாயின் கையில் ஊசி தட்டுப்பட்டது. கூடவே பாதி தீர்ந்த மாத்திரை அட்டை.

அதன் பிறகும் நான்கு மாதங்கள் அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டோம். இரண்டு காரணங்கள் சொன்னார்.

"காலனிப் பசங்கன்னாலே கஞ்சா, குடின்னு ஊர்ல பேசுறாங்க. நானே போயி ஆமான்னு சொல்லணுமா?" என்பது முதலாவது. "போலீசுக்குத் தெரிஞ்சா எம்புள்ளய மட்டுமா கூட்டினு போவாங்க? பத்து வீட்டுப் புள்ளைங்கள அள்ளினு போவாங்க. அப்புறம் தெருவுல என்னை யாரு நிக்க வுடுவா?" என்பது இரண்டாவது.

இந்தப் பத்தியைப் படிக்கும் பலருக்கு இந்த இரண்டு பதில்களும் புதிதாக இருக்காது. ஆனால், அந்த நான்கு மாதங்களில் மாத்திரையின் எண்ணிக்கை இரண்டிலிருந்து பத்தானது என்று அவன் பிறகு சொல்லியிருக்கிறான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பயத்துக்குக் காரணம் உண்டு

போதை காலனியில் பிறந்த பொருள் அல்ல. அது ஊர்த் தெருவிலும் இருக்கிறது, தனியார் கல்லூரி விடுதியிலும் இருக்கிறது, வசதியான வீட்டு மாடி அறையிலும் இருக்கிறது. வேறுபாடு, தெரிந்த பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான். பணம் உள்ள வீட்டுப் பிள்ளை சத்தமில்லாமல் வெளியூர் மருத்துவமனைக்குப் போகிறான். நம் வீட்டுப் பிள்ளை காவல் நிலையத்துக்குப் போகிறான். அப்படி நடப்பதைப் பார்த்தே வளர்ந்ததால்தான் நாம் மூடி வைக்கிறோம்.

ஆனால், மூடி வைப்பதால் இழப்பு நம் பக்கம்தான் கூடுகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அவர்களில் நம் மக்கள் பலர். உடல் வலி தெரியாமல் வேலை செய்யக் குடித்தவர்கள் அவர்களில் உண்டு. சாக்கடை அள்ளும் தொழிலாளர்களும் நாற்றம் தெரியாமலிருக்கக் குடிப்பதாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். வேலை அப்படி, கூலி அப்படி, அவமானம் அப்படி. இதையெல்லாம் மாற்றும் போராட்டம் ஒருபக்கம் நடக்கட்டும். இன்று வீட்டுக்குள் சரிந்து கிடக்கும் பிள்ளையைத் தூக்கி நிறுத்த அதுவரை காத்திருக்க முடியாது.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை எடுத்த நாடு தழுவிய ஆய்வு 2019-இல் வெளியானது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கும், சட்டவிரோதப் போதைப் பொருள்களுக்கு அடிமையானவர்களில் 20 பேரில் ஒருவருக்கும்தான் சிகிச்சை கிடைத்திருக்கிறது என்கிறது அது. மீதிப் பேரில் எத்தனையோ பேரை அவரவர் வீட்டார் மறைத்துத்தான் வைத்திருப்பார்கள்.

எதைப் பார்த்துக் கண்டுகொள்வது?

ஒரே ஓர் அறிகுறியை வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது. தேர்வு பயம், கல்லூரியில் சாதி சொல்லி இழிவுபடுத்தப்பட்ட வேதனை, காதல் தோல்வி, மனச்சோர்வு எல்லாமே பிள்ளையை மாற்றும். பல மாற்றங்கள் ஒன்றாகச் சேர்ந்து, சில வாரங்கள் தொடர்ந்தால் கவனிக்க வேண்டும்.

பொதுவாக முதலில் மாறுவது பழக்கவழக்கம். பழைய நண்பர்கள் வருவது நின்று, பெயர் தெரியாத புதியவர்கள் வருவார்கள். தூக்கம் இரவிலிருந்து பகலுக்கு மாறும். குளிக்க மனம் வராது. கழிப்பறையிலோ பம்பு செட் பக்கமோ வெகுநேரம் இருப்பார்கள். பணம் கேட்பது கூடும். கொடுக்காவிட்டால் கோபம் எல்லை மீறும். வீட்டுப் பொருள்கள் குறையத் தொடங்கும். கபடியோ கிரிக்கெட்டோ விட்டுப்போகும். சின்னச் சின்னப் பொய்கள் வரும்.

பொருளுக்குப் பொருள் அடையாளமும் வேறு. கஞ்சா என்றால் கண் சிவந்திருக்கும், காரணமில்லாத சிரிப்பும் அடங்காத பசியும் வரும், துணியில் இலை கருகிய வாடை அடிக்கும். நாள்பட்டால் எதிலும் ஆர்வம் இராது. சிலருக்கு "என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள்" என்ற சந்தேக நோயே வந்துவிடும். சிறுவர்கள் டயர் பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனை முகர்ந்தால் மூச்சிலும் துணியிலும் அந்த நெடி இருக்கும். வாயையும் மூக்கையும் சுற்றிப் புண் வரும். பையில் பிளாஸ்டிக் கவர் கிடக்கும். கூல் லிப் போன்றவற்றை உதட்டுக்குள் வைக்கும் மாணவருக்கு ஈறு வெளுத்துச் சுருங்கும், வாய்ப்புண் ஆறாது.

இப்போது நம் பகுதிகளில் அதிகம் பேசப்படுவது வலி நிவாரண மாத்திரை. அறுவை சிகிச்சை செய்தவர்களின் கடும் வலிக்கு, மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே தர வேண்டிய மாத்திரைகள் அவை. அபின் வகை மருந்தின் வேலையைச் செய்பவை. எடுத்தவருக்குக் கண்ணின் கருமணி குண்டூசித் தலைபோலச் சுருங்கும். பேசும்போதே தலை தொங்கும். உடம்பைச் சொறிந்துகொண்டே இருப்பார், மலச்சிக்கல் இருக்கும். கிடைக்காத நாளில் எல்லாம் தலைகீழாகும். கருமணி விரியும், மூக்கும் கண்ணும் ஒழுகும், கொட்டாவி மேல் கொட்டாவி வரும். மயிர்க்கூச்செறியும், வயிற்றுப்போக்கும் மூட்டுவலியும் சேர்ந்து இரவெல்லாம் தூங்கவிடாது. "சளி பிடிச்சிருக்குன்னு கஷாயம் வச்சுக் குடுத்தேன்" என்றார் அந்தத் தாய். அது சளி அல்ல, மாத்திரை கிடைக்காத உடம்பு படும் பாடு.

கையில் ஊசித் தழும்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை, வீட்டில் சிரிஞ்சு, சின்ன மருந்துக் குப்பி ஆகியவை கண்ணில் பட்டால் தாமதிக்கவே கூடாது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் நரம்பு அழுகும். ஒரே ஊசியைப் பலர் மாற்றிக் குத்திக்கொண்டால் எச்ஐவியும் கல்லீரலைத் தின்னும் ஹெபடைடிஸ் கிருமிகளும் தொற்றும்.

அடித்தால் தீருமா?

இந்த வீட்டில் முதலில் நடந்தது அடிதான். தாய்மாமன் வந்து வேப்ப மரத்தில் கட்டிவைத்து அடித்தார். அன்றிரவே கட்டை அவிழ்த்துக்கொண்டு ஓடியவன் ஒன்பது நாள் வீடு திரும்பவில்லை. பிறகு கோயிலில் கயிறு கட்டினார்கள். கயிறு கையில் இருந்தது, ஊசியும் கையில் இருந்தது.

போதைக்கு அடிமையாவது மூளையைப் பிடிக்கும் நோய். நிறுத்த வேண்டும் என்று அவனே நினைத்தாலும் உடம்பு விடுவதில்லை. சத்தியம் வாங்கினால் உண்மையாகத்தான் சத்தியம் செய்வான். இரண்டாம் நாள் உடம்பு முறுக்கும்போது அந்தச் சத்தியம் நிற்காது.

எனவே பேசும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். போதையில் இருக்கும்போது பேசிப் பயனில்லை. தெளிந்திருக்கும்போது, சாப்பிட்ட பிறகு, தெருவார் காதில் விழாதபடி பேசுங்கள். அப்பா பேச்சு சண்டையில் முடியும் என்றால் அத்தை பேசட்டும், அண்ணி பேசட்டும், அவன் மதிக்கும் டியூஷன் வாத்தியார் பேசட்டும். "ஏன்டா குடும்ப மானத்த வாங்குற?" என்று தொடங்கினால் கதவு அப்போதே மூடிக்கொள்ளும். "உன் சட்டையில ஊசியப் பார்த்தேன்பா. ராத்திரி தூங்காம துடிக்கிறதயும் பார்க்குறேன். ஆஸ்பத்திரிக்குப் போவோம், நானும் கூட வரேன்" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். ஒரே நாளில் ஒப்புக்கொள்ள மாட்டான். விட்டுவிடாமல் திரும்பவும் பேசுங்கள். கையில் பணம் தராதீர்கள். சோற்றை நிறுத்தாதீர்கள்.

வீட்டிலேயே பூட்டிவைத்து நிறுத்திவிடலாம் என்று முயல்வதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. பல ஆண்டுகள் தினமும் அதிகமாகக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அபின் வகை மாத்திரை எடுத்தவர் சில வாரம் விட்டிருந்து மீண்டும் பழைய அளவை எடுத்தால், பழக்கம் விட்டுப்போன உடம்பு தாங்காமல் மூச்சு நின்றுபோகலாம். இரண்டுக்கும் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும்.

எங்கே போவது?

இந்தக் குடும்பத்துக்கு வழி காட்டியவர் கிராம சுகாதாரச் செவிலியர். ரத்த அழுத்த மாத்திரை கொடுக்க வந்தவரிடம் தாய் அழுதுவிட்டார். "இதுக்கு ஏன்மா அழுறீங்க? சர்க்கரை மாதிரி இதுவும் ஒரு வியாதி. ஓ.பி. சீட்டு போட்டுப் பாருங்க" என்றாராம் அவர். நான்கு மாதச் சுமையை அந்த ஒரு வாக்கியம் இறக்கி வைத்தது.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் போதை மீட்புச் சிகிச்சை இலவசம். நம் மாவட்டத்துக்கு முண்டியம்பாக்கம் இருக்கிறது. புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு ஜிப்மர் அருகில். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் வட்ட அரசு மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட நாள்களில் வருகிறார்கள். எந்த நாள் என்று உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தெரியும். 2025-இல் தமிழக அரசு 'கலங்கரை' என்ற பெயரில் 25 ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியிருக்கிறது.

நேரில் போகத் தயக்கமா? தொலைபேசியில் தொடங்கலாம். போதை மீட்பு ஆலோசனைக்கு 14446. மனநல ஆலோசனைக்கு 14416, இதில் தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. குழந்தைகள் தொடர்பான உதவிக்கு 1098. இவை எல்லாம் கட்டணமில்லாதவை.

சிகிச்சை என்றால் என்ன நடக்கும் என்பது தெரியாததும் ஒரு பயம்தான். முதல் ஒன்றிரண்டு வாரங்கள் உடம்பின் தவிப்பைத் தணிக்க மருந்து தருவார்கள். சிலரை உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள். பிறகு ஆலோசனை, அதோடு மாதக்கணக்கில் மாத்திரை, குடும்பத்துக்கும் அறிவுரை. ஊசி போட்டவர்கள் அதே வளாகத்தில் உள்ள 'நம்பிக்கை மையத்தில்' எச்ஐவி பரிசோதனை இலவசமாகச் செய்துகொள்ளலாம். முடிவை வெளியில் சொல்ல மாட்டார்கள். நோய் இருந்தாலும் மருந்து இலவசம்.

இடையில் மீண்டும் ஒருமுறை சறுக்கலாம். அதைத் தோல்வி என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். சர்க்கரை கூடினால் மருத்துவரிடம் திரும்பப் போவதைப் போல இதற்கும் திரும்பப் போக வேண்டும்.

சங்கிலி சிகிச்சை அல்ல

அரசு மருத்துவமனைக்கு முன்பு இந்தக் குடும்பம் ஒரு தனியார் இல்லத்துக்குப் போயிருக்கிறது. சீட்டுப் பணத்தை எடுத்து 25,000 ரூபாய் கட்டியிருக்கிறார்கள். மூன்று வாரம் மகனைப் பார்க்க விடவில்லை. பார்த்தபோது கணுக்காலில் காய்ப்புத் தழும்பு இருந்தது. அன்றே அழைத்து வந்துவிட்டார்கள். கட்டிய பணம் திரும்பவில்லை.

2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த விதத்திலும் அது அனுமதிக்கவில்லை. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கவும் அது சொல்கிறது. எனவே எந்தத் தனியார் மையமானாலும் மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா, மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், பிள்ளையைப் பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்குக் கோபம் வந்தால் அந்த இடம் வேண்டாம்.

சட்டத்துக்குப் பயந்து நிற்பவர்களுக்கு

இதைக் கவனமாகப் படியுங்கள், தெரியாதவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருக்கிறது. போதைக்கு அடிமையான ஒருவர் தானே முன்வந்து, அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால், போதைப் பொருளைப் பயன்படுத்தியதற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர் மீது வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம். விற்பவருக்கு இது பொருந்தாது.

வழக்கு வந்துவிட்டால் வக்கீலுக்குப் பணம் எங்கே என்று தவிக்க வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அனைவருக்கும் இலவசச் சட்ட உதவி உரிமை. வருமான வரம்பு கிடையாது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் பேசலாம். தெருமுனையில் விற்பவரைப் பற்றிப் புகார் சொல்ல மதுவிலக்குப் பிரிவின் 10581 என்ற இலவச எண் இருக்கிறது.

விடுதியில் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு

உங்கள் அறை நண்பனின் மாற்றம் அவன் வீட்டாருக்கு முன்பே உங்களுக்குத் தெரியும். காட்டிக்கொடுப்பதாக நினைத்துத் தயங்காதீர்கள். முதலில் அவனிடமே பேசுங்கள். பிறகு நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ, 14416 எண்ணிலோ பேசுங்கள்.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தட்டி எழுப்பியும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது, உதடும் நகமும் நீலம் பாய்கின்றன என்றால் உடனே 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மோர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதையும் வாயில் ஊற்றாதீர்கள். தூங்கி எழட்டும் என்று விட்டுப் போகாதீர்கள். என்ன எடுத்தான் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அபின் வகை மருந்துக்கு முறிமருந்து இருக்கிறது. எதை எடுத்தான் என்று தெரிந்தால் அதை விரைவாகக் கொடுக்க முடியும்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்ற அண்ணல் அம்பேத்கர், தன்னைப் பின்பற்றி வந்த மக்களுக்கு அளித்த 22 உறுதிமொழிகளில் மது அருந்த மாட்டேன் என்பதும் ஒன்று. குடிப்பவர்களை இழிவாகப் பார்ப்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நிமிர்ந்து நிற்கப்போகும் மக்களுக்குத் தெளிந்த தலை வேண்டும் என்றுதான் நாம் அதைப் புரிந்துகொள்கிறோம். ஏப்ரல் 14-க்குத் தெருவெங்கும் பதாகை கட்டும் நம் இளைஞர் மன்றங்கள், அம்பேத்கர் படிப்பகத்தின் சுவரில் 14446, 14416, 108, 15100 ஆகிய நான்கு எண்களை எழுதி வைத்தால் அதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும்.

அந்தத் தாயின் மகன் சிகிச்சைக்குப் போகத் தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. நடுவில் ஒரு திருவிழா இரவில் சறுக்கிவிட்டான். மறுநாள் முதல் பேருந்திலேயே இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். இப்போது உள்ளூரிலேயே பெயின்ட் வேலைக்குப் போகிறான். வரும் ஆண்டு ஐடிஐ விண்ணப்பம் வாங்க வேண்டும் என்கிறான். நாங்கள் கிளம்பும்போது தாய் சொன்னார்:

"மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போறப்ப, சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டுப் போனோம் சார். இப்ப கேக்கறவங்ககிட்ட உள்ளதச் சொல்லிடறேன். போன வாரம் அடுத்த தெருவுலேந்து ஒரு பொம்பள ராத்திரியில வந்து, எந்த ரூம்பு, என்னா கெழமைன்னு கேட்டுனு போனா. நான் கூட வரேன்னு சொல்லியிருக்கேன்."